பஞ்சர் கடையின் முப்பத்தொன்றாவது சீசன்

அந்த வியாழக்கிழமை காலை சாலிகிராமத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. ஒரு பெயர் விடுபட்டாலும் பின்னால் ஆளுக்கொரு கதை கிளம்பும். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஆவுடையப்பன், வயது எழுபத்தெட்டு, மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். 'பஞ்சர் கடை' கார்ட்டூன் தொடரின் இயக்குநர் தாமோதரன். கற்றுக்கொண்ட குரலில் தானே பேசும் குரல் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் ஜுலைஹா. சேனலிலிருந்து வந்த பிரமிளா. கடுகு என்ற கார்ட்டூன் பொடியனுக்குப் புதிதாகக் குரல் கொடுக்க வந்து, ஒன்பது நாளாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ஷர்மிளி. கடைசியாக, பத்தரை மணிக்கு வந்து சேர்ந்த வடிவு சூசை, வயது அறுபத்து நான்கு. அவர் கணவர் சூசை முழங்கால் வலியால் வரவில்லை. அவர் கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ் வந்திருந்தது.

குரல் பெட்டியை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களும் அந்தக் கூடத்தில் உண்டு.

ஆவுடையப்பன் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். பாளையங்கோட்டையில் ஐந்து மணிக்கு ரயில் ஏறினால் ஒன்பதுக்குச் சென்னை என்று ஆகிவிட்ட காலம். அந்த நான்கு மணி நேரமும் அவர் சாய்ந்து உட்காரவில்லை. நாற்காலியின் முதுகுக்கும் அவர் முதுகுக்கும் அறுபது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"சார், டிபன் சொல்லட்டுமா?" என்றார் தாமோதரன்.

"வேண்டாம். வெளியிடங்களில் நான் சாப்பிடுவதில்லை."

"காபியாவது..."

"வேலையைப் பார்ப்போம்."

வேலை இதுதான். ஆவுடையப்பனின் தம்பி குற்றாலிங்கம் முப்பது வருஷமாகப் பஞ்சர் பரமானந்தத்துக்குக் குரல் கொடுத்தவர். பஞ்சர் பரமானந்தத்தைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் கிடையாது. டயர்கள் பஞ்சராவதே நின்றுபோன பிறகும் கடையை மூட மறுத்து, ஷட்டரை ஏற்றி வைத்துக்கொண்டு, மருமகன் கடுகோடு வெட்டி நியாயம் பேசிக்கொண்டிருக்கும் மனிதர். முப்பது சீசன்களாகக் கடுகுக்கு எட்டு வயது. முப்பது சீசன்களாகக் கடைக்கு ஒரு டயரும் வரவில்லை. பார்க்கிறவர்கள் மட்டும் குறையவே இல்லை.

பதினோரு மாதத்துக்கு முன் குற்றாலிங்கம் இறந்துபோனார். போவதற்கு முன் தன் குரலைப் பெட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் சட்டம் அதோடு விடுவதில்லை. இறந்தவரின் குரலைப் பேச வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் குரல் வாரிசு நேரில் வந்து, காது கொடுத்துக் கேட்டு, கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்துக்கு இழுக்கு என்று தோன்றும் எந்தச் சொல்லையும் அவர் நீக்கச் சொல்லலாம். மொத்தமாகவே வேண்டாம் என்றும் சொல்லலாம். குற்றாலிங்கம் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆகவே வாரிசு ஆவுடையப்பன்.

"செத்தவனைப் பேச வைப்பது முறையா?" என்று அவர் ஜுலைஹாவிடம் கேட்டார்.

"அவர் பேசல சார். அவர் எப்படிப் பேசுவாரோ, அந்தப் பழக்கம் பேசுது. எழுதிக் கொடுத்ததையும் பேசும், அவர் மாதிரியே நடுவுல சொந்தமாவும் ரெண்டு வார்த்தை சேர்த்துக்கும். ஆனா உள்ளே அவர் இல்ல."

"பழக்கத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது?"

"அதுக்குத்தானே சார் நீங்க வந்திருக்கீங்க."

பெண் பயப்படாமல் பதில் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவர் வந்தது கையெழுத்துக்காக மட்டும் இல்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குற்றாலிங்கம் இருந்தவரை தினமும் காலை பத்து மணிவாக்கில் சென்னையிலிருந்து போன் வரும்.

"அண்ணே, சாப்ட்டாச்சா?"

"ஆச்சு."

அவ்வளவுதான். வைத்துவிடுவார்கள். முப்பது வருஷமாக அதில் ஒரு சொல் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இது என்ன வெறும் சம்பிரதாயம் என்று ஆவுடையப்பன் நினைத்ததுண்டு. அது நின்றுபோன இந்தப் பதினோரு மாதமும் பத்து மணிக்கு அவர் போன் பக்கத்தில்தான் உட்காருகிறார். யாராவது கேட்டால் பேப்பர் படிப்பதாகச் சொல்கிறார். தம்பியின் குரலை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்காகத்தான் ரயில் ஏறினார்.

"கேட்கலாமா?" என்றார்.

தாமோதரன் ஜுலைஹாவைப் பார்த்தார். ஜுலைஹா பிரமிளாவைப் பார்த்தாள். பிரமிளா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரு சின்னச் சிக்கல் இருக்கு சார்" என்றார் தாமோதரன். "ஒன்பது நாளா பெட்டி வசனத்துக்குள்ளேயே போக மாட்டேங்குது. முதல்ல ஒரு கேள்வி கேட்குது. அங்கேயே நிக்குது."

"என்ன கேள்வி?"

"போடும்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் அறையில், ஷர்மிளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் முதலில் ஒரு செருமல் வந்தது. வெற்றிலை போடுகிறவனின் செருமல். ஆவுடையப்பன் கூடவே கொண்டுவந்திருந்த குடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி வடிவு," என்றது குற்றாலிங்கத்தின் குரல், "சாப்ட்டியா?"

பதினோரு மாதமாகக் கேட்க ஏங்கிய குரல். முப்பத்தெட்டு வருஷமாகத் தன் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று விலக்கி வைத்த பெயர். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

"சாப்ட்டேன்ணே" என்றாள் ஷர்மிளி, அழாத குறையாக.

பெட்டி இன்னொரு தடவை செருமியது. பிறகு மரியாதையாகவே கேட்டது. "யாரும்மா நீ? வடிவ எங்க?"

"இதான் சார்" என்றாள் ஷர்மிளி கண்ணாடிக்குள்ளிருந்து. "தினமும் என்னை இப்படியே கேக்குது. நேத்து 'வழி தெரியாம வந்துட்டியா தாயி'ன்னு கேட்டுச்சு."

"நிறுத்துங்கள்" என்றார் ஆவுடையப்பன். குரல் உயரவில்லை. நீதிமன்றத்தில் அந்தக் குரலுக்கே வக்கீல்கள் உட்கார்ந்துவிடுவார்கள். "இந்தப் பெயரை நீக்க வேண்டும். வாரிசு என்ற முறையில் சொல்கிறேன்."

"நீக்கிப் பாத்தோம் சார்" என்றாள் ஜுலைஹா. "இது வசனம் இல்ல. மைக் லெவல் பாக்கறதுக்காக ரெகார்டிங்குக்கு முன்னாடி ஏதாவது பேசுவாங்களே, அது. மத்தவங்க ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவாங்க. உங்க தம்பி தினமும் இதைத்தான் கேட்டிருக்காரு. எழுதிக் கொடுக்கும்போது, முப்பது வருஷ ஒலிப்பதிவுல ஒரு நொடிகூட வெட்டக் கூடாதுன்னு நிபந்தனை போட்டிருக்காரு. அப்படியேதான் பெட்டி கத்துக்கிட்டது. இந்தப் பேச்சு முடிஞ்ச பிறகுதான் அவர் பரமானந்தமா மாறுவாரு. இதை வெட்டினா குரல் இருக்கு, வசனம் இருக்கு, சிரிப்பு மட்டும் வரல. லிஃப்ட்டுல மாடி நம்பர் சொல்ற குரல் மாதிரி இருக்கு."

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள முதல் எபிசோடு குரல் எங்க கைக்கு வரணும்" என்றாள் பிரமிளா. "வரலன்னா இந்த சீசன் கிடையாதுன்னு மேலே முடிவு பண்ணிட்டாங்க. இனிமே எந்த சீசனும் கிடையாது. படம் வரையறவங்களே நாற்பது பேர் இருக்காங்க சார்."

தாமோதரன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த வடிவம்மா யாருன்னு எங்களுக்குத் தெரியும். முப்பது வருஷமா கடுகுக்குக் குரல் கொடுத்தவங்க. உங்க தம்பி போனதும், அவர் இல்லாத ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு நின்னுட்டாங்க. நேத்துதான் போய்க் காலில் விழாத குறையாக் கூப்பிட்டேன். இப்போ வந்துட்டிருக்காங்க." பிறகு, அவர் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?"

ஆவுடையப்பன் மணி பார்த்தார்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அவர் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். பெண், அவருடைய ஒரே தங்கை. மாப்பிள்ளை வீட்டார் வந்து, தாம்பாளத் தட்டுகள் எல்லாம் வரிசையாக வைத்த பிறகு பெண்ணைக் காணோம். வாசலில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த மைக்செட்காரனையும் காணோம். பாட்டு மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்கள் அத்தனை பேரிடமும் ஆவுடையப்பன் தனித்தனியாகக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அன்றோடு சரி. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தார். பிறகு வந்த எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பெயர் அச்சாகவில்லை. போன வருஷம் தம்பிக்குக் குரல் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது, 'இறந்தவருக்கு என்னைத் தவிர உடன்பிறந்தார் எவரும் இல்லை' என்று உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். முப்பத்தாறு வருஷம் நீதிமன்றத்தில் ஊழியம் பார்த்தவர் வாழ்க்கையில் எழுதிய ஒரே பொய் அது.

கடுகின் குரல் அவருக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார். ஆனால் கதை முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் டிவியை அணைத்துவிடுவார். பெயர்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பார். முப்பது வருஷமாக ஒரு தடவைகூட அந்தப் பெயர்களை அவர் பார்த்ததில்லை. ஒரு தடவைகூட மறந்தாற்போல விட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எழுந்தார். குடையை எடுத்தார். "எனக்கு மதிய வண்டி இருக்கிறது."

"சார், கையெழுத்து..."

"போடுவதற்கில்லை."

கதவருகே போய்விட்டார். கைப்பிடியில் கை வைக்கும்போது வெளியே தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல். "ஏம்மா, இந்த லிஃப்ட்டு இன்னும் ரிப்பேராத்தான் கெடக்கா? நாலு மாடி ஏறி வாறதுக்குள்ள கடுகுக்கு மூட்டு தேஞ்சிரும்."

அறுபத்து நான்கு வயதுக்காரியின் மூச்சு வாங்கல். அதற்குள்ளே எட்டு வயதுப் பொடியனின் குரல். ஆவுடையப்பன் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் நேருக்கு நேர். திரும்பி வந்து, அதே நாற்காலியில், அதே நேர் முதுகோடு உட்கார்ந்தார்.

"இந்த அறை விளக்கை அணையுங்கள்" என்றார்.

"ஏன் சார்?"

"கண் கூசுகிறது."

விளக்கை அணைத்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மட்டும் வெளிச்சம். அங்கிருந்து பார்த்தால் இங்கே ஆள் இருப்பது தெரியாது. வடிவு உள்ளே வந்தார். நரைத்த முடியைக் கொண்டை போட்டு, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். டிபன் பாக்ஸை ஸ்டூலில் வைத்தார். ஷர்மிளியின் தோளைத் தட்டி, "நீ அழாத தாயி, அவரு எல்லாரையும் அப்படித்தான் வம்புக்கு இழுப்பாரு" என்று வெளியே அனுப்பினார். பக்கத்தில் காலியாக நின்ற இன்னொரு மைக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

செருமல் வந்தது.

"ஏட்டி வடிவு, சாப்ட்டியா?"

வடிவு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெட்டி காத்திருந்தது. அவசரப்படுத்தவில்லை. ஒரு நிமிஷம் ஆனது.

"ஆச்சு, சின்னண்ணே" என்றார் வடிவு கடைசியில். "நீ?"

"ஆச்சு ஆச்சு. ஓட்டல் தோசை. கடிச்சா பல்லுக்கு மரியாதை இல்ல."

தாமோதரன் இருட்டில் நாற்காலிக் கையைத் தட்டினார். "போயிருச்சு! தாண்டிருச்சு!"

கண்ணாடிக்குள்ளே வடிவு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல வருஷப் பழக்கத்தில் கேட்கிறவரைப் போல, இயல்பாகக் கேட்டார். "பெரியண்ணன் சாப்ட்டாவளா?"

"இரு, போடுதேன்" என்றது பெட்டி.

எதுவும் நடக்கவில்லை. பத்து விநாடி. இருபது விநாடி.

"எடுக்கல" என்றது பெட்டி. "கொஞ்சம் பொறுட்டி. எடுத்த பொறவு ஆரம்பிப்போம்."

அப்படியே நின்றது.

"இது என்ன புதுசா?" என்றாள் பிரமிளா. "யாரு பெரியண்ணன்?"

ஜுலைஹா ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையில் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடினாள். ஒன்றைக் கேட்டாள், இன்னொன்றைக் கேட்டாள், நடுவில் ஓர் ஐம்பதைத் தாண்டி மற்றொன்றைக் கேட்டாள். அவளுடைய கை மெதுவாகியது. ஹெட்போனைக் கழற்றி, இருட்டில் நேராக உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனைப் பார்த்தாள்.

"சார், இந்த ஒலிப்பதிவுல மூணாவதா ஒரு குரல் வரும். யாருன்னு தெரியாததால 'அடையாளம் தெரியாத குரல்'னு பேர் போட்டு வெச்சிருந்தேன். தினமும் ரெகார்டிங்குக்கு முன்னாடி உங்க தம்பி மைக் முன்னாடியே நின்னு ஸ்பீக்கர்ல போன் போடுவாரு. அந்தக் குரல் ஒரே ஒரு வார்த்தை சொல்லும். வெச்சிடும். அப்புறம்தான் வேலை ஆரம்பிக்கும். ஐயாயிரத்துச் சொச்சம் தடவை இருக்கு. ஒரே வார்த்தை."

போட்டுக் காட்டும்படி அவர் சொல்லவில்லை. ஆனாலும் அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அண்ணே, சாப்ட்டாச்சா?"

"ஆச்சு."

தன் குரல்தான். இத்தனை கறாராகவா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம் என்று அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகும் பதிவு ஓடியது. குற்றாலிங்கம் சொன்னார்: "சாப்ட்டாராம்ட்டி." ஒரு பெண் குரல் சொன்னது: "குரலு கம்மிக் கெடக்கே? சளி புடிச்சிருக்கோ என்னமோ. கசாயம் போட்டுக் குடிக்கச் சொல்லு."

"இன்னொண்ணு சொல்றேன் சார்" என்றார் தாமோதரன் மெதுவாக. "பதினொண்ணாவது சீசன்ல ரெண்டு நாள் ரெகார்டிங்கே நடக்கல. ரெண்டு பேரும் இந்த ரூம்லயே உட்கார்ந்திருந்தாங்க. ஏன்னு கேட்டா, லைன் கிடைக்கலன்னாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

ஆவுடையப்பனுக்குப் புரிந்தது. அது அவர் பித்தப்பைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாள். தம்பிக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று போனை அணைத்து வைத்திருந்தார். அந்த இரண்டு நாளும் இவள் இங்கே உட்கார்ந்திருந்தாள்.

தன் பேரை அடித்துவிட்ட வீட்டின் சாப்பாட்டு நேரத்தை முப்பது வருஷம் விசாரித்துக்கொண்டிருந்தவளை, உடன்பிறந்தார் எவரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தன் குடும்ப மானத்தை அவர் அந்தக் காகிதத்தில்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வடிவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி காத்திருந்ததைப் போலவே அவரும் காத்திருந்தார். அந்த இரண்டு நாளும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஜுலைஹா மைக் பொத்தானை ஆவுடையப்பன் பக்கம் நகர்த்தினாள். "இதை அமுக்கிட்டு ஒரே ஒரு தடவை 'ஆச்சு'ன்னு சொல்லுங்க சார். பழைய பதிவைப் போட்டு ஏமாத்தலாம். ஆனா அவங்களையும் சேர்த்து ஏமாத்தற மாதிரி ஆயிடும். எனக்கு மனசு வரல."

ஆவுடையப்பன் பொத்தானைப் பார்த்தார்.

"ஆகவில்லையே" என்றார்.

"என்ன சார்?"

"நான் இன்னும் சாப்பிடவில்லையே."

"ஐயோ, சும்மா சொன்னா போதும் சார்!" என்றாள் பிரமிளா. "மணி பதினொண்ணாகப் போகுது!"

"சும்மா சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை" என்றார் ஆவுடையப்பன். சொன்ன பிறகு அவருக்கே அந்த வாக்கியம் நெஞ்சில் தட்டியது. இல்லையா? ஒரு தடவை உண்டு. அரசாங்க முத்திரையோடு உண்டு.

அவர் கை நீண்டது. பொத்தானை அமுக்கினார்.

"வடிவு."

உள்ளே வடிவு எழுந்து நின்றுவிட்டார். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, இருண்டிருந்த கண்ணாடியைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அண்ணன் கூப்பிட்டால் எழுந்து நிற்பது போலவே நின்றார்.

"அந்த டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது?"

"இட்லி... பெரியண்ணே."

"யார் அவித்தது?"

வடிவின் தாடை கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரின் தாடையும் அப்படித்தான். "ஒங்க மாப்ள" என்றார்.

மைக்செட்காரன் என்று அவர் சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை என்று, அதுவும் 'ஒங்க' என்று சொல்லி, முடிவை அண்ணன் கையில் வைத்துவிட்டார்.

"எடுத்துக்கொண்டு வா" என்றார் ஆவுடையப்பன். "விளக்கைப் போடுங்கள்."

வடிவு வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் முழுதாகப் பார்த்துக்கொள்ளவில்லை. வடிவு டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே ஐந்து இட்லியும், ஓரத்தில் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியும் இருந்தன.

"காரமா இருக்கும்" என்றார் வடிவு. "அவ்வொளுக்கு அளவு தெரியாது."

"சாப்பிடும்போது பேசாதே."

"நான் சாப்பிடலியே. நீங்கதானே சாப்பிடுதிய."

தாமோதரன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ஆவுடையப்பன் ஒரு இட்லி சாப்பிட்டார். இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதைச் சாப்பிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். வடிவு தன் மைக்குக்குத் திரும்பும் வரை காத்திருந்து பொத்தானை அமுக்கினார்.

"ஆச்சு."

"சாப்ட்டாராம்ட்டி!" என்றது பெட்டி. அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பழக்கத்தின் சந்தோஷம்தான் என்று ஜுலைஹா பிற்பாடு சொன்னாள். "ஆரம்பிப்போமா?"

"ஆரம்பி, சின்னண்ணே."

அடுத்த நொடி அங்கே குற்றாலிங்கமும் இல்லை, வடிவும் இல்லை. பஞ்சர் கடை ஷட்டர் ஏறியது.

"மாமோவ், முப்பது வருசமா ஒரு கிராக்கி இல்ல. கடைய எதுக்குத் தெறந்து வெச்சிருக்க?"

"கிராக்கி இல்லியா? போன மாசம் ஒருத்தரு வந்தாரேடே."

"அவரு வழி கேக்க வந்தாரு."

"வழி சொன்னோம்லா?"

"தப்பால்லா சொன்ன."

"பொறவு? சரியாச் சொன்னா போயிருவாரே. தப்பாச் சொல்லியிருக்கேன். திரும்பி இங்கதான் வரணும், பாத்துக்கோ."

முதலில் ஷர்மிளி சிரித்தாள். பிறகு தாமோதரன். பிரமிளா கடிகாரத்தைப் பார்க்க மறந்தாள். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. ஆனால் அவர் முதுகு நாற்காலியின் முதுகில் பட்டிருந்ததை ஜுலைஹா கவனித்தாள்.

நாலரை மணிக்கு முதல் எபிசோடு முடிந்தது. கையெழுத்துப் போடும் தாளில் ஒரு கட்டம் இருந்தது: நீக்க வேண்டிய சொற்கள். அதில் 'எதுவும் இல்லை' என்று எழுதினார். வாரிசு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு கோடு இழுத்து, தாளை வடிவு பக்கம் தள்ளினார்.

"இது செல்லாது சார்" என்றாள் பிரமிளா. "சான்றிதழ்ல உங்க பேர் மட்டும்தானே இருக்கு?"

"செல்ல வைக்கத் திங்கட்கிழமை மனு போடுகிறேன்" என்றார் அவர்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டை தாலுகா அலுவலகத்தில், உறுதிமொழிப் பத்திரத்தைத் திருத்த வேண்டும் என்று அவர் மனு கொடுத்தபோது, எழுத்தர் பெரியவருக்கு உதவி செய்கிற எண்ணத்தில் கேட்டார். "பேர் விட்டுப்போச்சுங்களா ஐயா? கைத்தவறுதல்னு போட்டுரலாமா?"

"கைத்தவறுதல் இல்லை" என்றார் ஆவுடையப்பன். "பொய் எழுதினேன். அப்படியே போடுங்கள்."

அதற்குரிய விசாரணைக்கு மூன்று தடவை போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் நேராகவே உட்கார்ந்தார்.

முப்பத்தொன்றாவது சீசன் ஆடி மாதம் தொடங்கியது. இதுவரை வந்த சீசன்களிலேயே இதுதான் சிரிப்பு என்று சிலரும், பழைய பரமானந்தம் மாதிரி வராது என்று சிலரும் சொன்னார்கள். பழைய பரமானந்தம் இருந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். முதல் எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடியபோது ஆவுடையப்பன் டிவியை அணைக்கவில்லை. பரமானந்தம், குற்றாலிங்கம். கடுகு, வடிவு சூசை. கடைசிப் பெயர் போய், திரை கறுத்து, விளம்பரம் வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஒலிப்பதிவு உள்ள நாட்களில் பத்து மணிக்குக் கூடத்துக்கு அவரே போன் போடுகிறார். ஒலிப்பதிவு இல்லாத நாட்களில் வடிவின் வீட்டுக்குப் போகிறது அந்த போன். அங்கே சில சமயம் சூசை எடுக்கிறார். இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரிவதில்லை. பழைய மைக்செட் ஸ்பீக்கர்களைப் பற்றிப் பேசிக்கொள்வதாகத் தகவல்.

அன்று கூடத்தில் ஆவுடையப்பன் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டு அழுதார் என்று பாளையங்கோட்டையில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. மிளகாய்ப்பொடியில் காரம் அதிகம். மாப்பிள்ளைக்கு அளவு தெரியாது.